'மட்டும்' என்கிற சொல்: லாம்ப்டாமூவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நான் ஒரு குழுவைப் பூட்டியவன்.

எங்கள் ஊரில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மாதம் ஒரு கூட்டம். இருபது பேர் வந்துவிட்டால் அது பெரிய கூட்டம். வட்டத்துக்கென்று கைபேசிக் குழு ஒன்றைத் தொடங்கினோம். கூட்டத்துக்கு வராதவர்கள், வெளியூர்க்காரர்கள் என்று சேர்ந்து சேர்ந்து 140 பேர் ஆகிவிட்டார்கள். நிர்வாகிகள் மூன்று பேர், அதில் நானும் ஒருவன். எப்படி நிர்வாகி ஆனேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. குழுவைத் தொடங்கிய நண்பர் ஆக்கினார், ஆனேன். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை.

ஒருநாள் இரவு, குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் தன் ஊர்த் தேர்த் திருவிழா பற்றி நாலு பத்தி எழுதினார். தேர் எந்தெந்தத் தெருவுக்குள் வரும், எந்த முக்கில் திரும்பிவிடும், அது திரும்புகிற முக்கில் அவருடைய அம்மா தேங்காய் பழத் தட்டோடு நின்றுகொண்டிருந்தது. இவ்வளவுதான். கடைசி வரி ஒரு கேள்வி: 'நம்ம வட்டத்துல இதைப் பத்தி ஒரு கூட்டம் போடலாமா?' அரைமணி நேரத்தில் அறுபது பதில்கள். 'இங்க இலக்கியம் மட்டும் பேசுவோமே' என்றார் ஒருவர். 'எங்க பக்கம் அப்படியெல்லாம் கிடையாது' என்றார் இன்னொருவர். அப்புறம் வசவு. வசவு ஒரே திசையிலிருந்துதான் வந்தது என்பதை இப்போது எழுதும்போது ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்கு அது 'சண்டை' என்று மட்டுமே பட்டது. இரவு பதினொன்றேகாலுக்கு, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்கிற ஏற்பாட்டை அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். மற்ற இரண்டு நிர்வாகிகளையும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் போன் செய்தார். என்னை எப்போதும் அண்ணே என்பவர், அன்று சார் என்றார்.

'பூட்டினது நீங்கதானா சார்?'

'ஆமாப்பா. கொஞ்சம் சூடு ஆறட்டும்னுதான்...'

'நான் கேட்டது ஒரு கேள்வி. அவங்க திட்டினது திட்டு. ரெண்டுக்கும் ஒரே பூட்டா சார்?'

இந்த வாக்கியத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான பதில் இல்லை. பதில் ஏன் என் கைக்கு அகப்படாமல் நழுவுகிறது என்று யோசித்துப் பார்க்கிற முயற்சி, அவ்வளவே.

2

சிறுபத்திரிகைச் சூழலில் அதிகாரம் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. மொழிக்குள் இயங்கும் அதிகாரம், உடல்மீது இயங்கும் அதிகாரம், குடும்பத்துக்குள், வகுப்பறைக்குள், மருத்துவமனைக்குள். பெந்தாம் வரைந்த சிறைச்சாலை வரைபடத்தை வைத்துக்கொண்டு 1975இல் ஃபூக்கோ எழுதியதை எத்தனையோ கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. தெரியாததாலேயே அவன் தன்னைத்தானே கண்காணித்துக்கொள்கிறான். சிறைக் கட்டடத்தை ஒரு பிரதியாக வாசிக்கக் கற்றுக்கொண்ட நாம், நமது கூட்டம் நடந்த அறையை வாசித்தோமா? நாற்காலி எப்படிப் போட்டிருந்தது, ஒலிவாங்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, பின்வரிசையில் இருந்தவர் கை தூக்கியது யார் கண்ணில் பட்டது — இதையெல்லாம் 'ஏற்பாடு' என்று ஒதுக்கிவிட்டோம். ஏற்பாடு செய்கிறவர் தொண்டர், கோட்பாடு பேசுகிறவர் சிந்தனையாளர் என்கிற பிரிவினை நமக்குள்ளேயே இருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்தவன் யாரிடமும் வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே ஆணியில் தொங்குகிற குவளையே சொல்லிவிடும், யார் உள்ளே உட்காரலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதை. விதி எழுதப்படவில்லை. விதி பொருளாக வந்து தொங்கியது.

வலைவெளியில் இந்த விதி இன்னும் கறாரானது. 1999இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸிக் தன் புத்தகத்தில் முன்வைத்த வாதம் பலருக்குத் தெரிந்திருக்கும்: கணினி நிரலும் ஒருவகைச் சட்டமாகவே வேலை செய்கிறது. நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன். சட்டத்தை மீறலாம்; மீறிவிட்டுச் சிறைக்குப் போகலாம்; அந்தச் சிறைவாசமே அரசியலாகும். 1930இல் வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீற உப்பு அள்ளினால் போதுமானதாக இருந்தது. நான் குழுவைப் பூட்டிய இரவில் 137 பேரின் திரையில் எழுதும் பெட்டியே காணாமல் போய்விட்டது. எழுதும் பெட்டி இல்லாத இடத்தில் எதை மீறுவது? மறுப்புக்கே இடமில்லாத சட்டம் எவ்வளவு சத்தமில்லாமல் அமலாகிறது பாருங்கள்! லத்தி இல்லை, ஊரடங்கு அறிவிப்பு இல்லை. ஒரு கட்டைவிரல்.

3

இந்தக் கேள்விகளோடு பழைய கதை ஒன்றுக்குப் போக விரும்புகிறேன். நம் கைபேசிக் குழுக்களுக்கு இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பிரச்சினைகள் அனைத்தையும் ஒருமுறை முழுசாக வாழ்ந்து பார்த்த ஓர் இடம் உண்டு. அதன் பெயர் லாம்ப்டாமூ.

கலிபோர்னியாவில், பாலோ ஆல்டோவில் இருந்த ஸெராக்ஸ் ஆய்வுக்கூடத்தின் ஆய்வாளர் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் இதைத் தொடங்கினார். அது ஒரு வீடு. தன் சொந்த வீட்டின் அமைப்பையே அவர் அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டார். ஆனால் படம் கிடையாது, ஒலி கிடையாது, எல்லாம் எழுத்து. கணினி வழியாக நுழைகிற விருந்தாளி முதலில் கோட்டு மாட்டி வைக்கிற இருட்டறை ஒன்றில் வந்து நிற்பார். கதவைத் திறந்து வெளியே வந்தால் வரவேற்பறை. அங்கே யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் வரிவரியாகத் திரையில் ஓடும். ஒவ்வொருவரும் தனக்கு ஒரு பெயரும் வருணனையும் எழுதிக்கொள்ளலாம். ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டும் இல்லாமலோ இருக்கலாம். தனக்கென்று அறைகள் கட்டிக்கொள்ளலாம். பொருள்களைச் செய்து, அவை என்னென்ன செய்ய வேண்டும் என்று நிரல் எழுதலாம். குடியிருப்பவரே கொத்தனார் என்பதுதான் அந்த இடத்தின் கவர்ச்சி. ஆயிரக்கணக்கில் ஆட்கள் குடியேறினார்கள்.

ஆனால் கொத்தனார்களிலும் படிநிலை உண்டு. தரவுத்தளம் முழுவதையும் தொடக்கூடிய சிலருக்கு 'மந்திரவாதிகள்' என்று பெயர். சண்டை வந்தால் தீர்ப்பதும், அத்துமீறியவரை வெளியேற்றுவதும், யாருக்கு எவ்வளவு இடம் என்று ஒதுக்குவதும் அவர்கள்தான். ஊர் பெருக்கப் பெருக்க வழக்குகளும் பெருகின. மந்திரவாதிகள் களைத்துப்போனார்கள். 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இனி சமூகத் தகராறுகளில் மந்திரவாதிகள் தலையிட மாட்டார்கள். இயந்திரத்தைப் பழுதில்லாமல் ஓட்டுவது ஒன்றே அவர்கள் வேலை. மற்றதை மக்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம்.

வாசிக்க எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! அதிகாரம் தானாகவே பதவி விலகுகிறது. ஆனால் சாவிக்கொத்து எங்கே போயிற்று? அது மந்திரவாதிகளின் இடுப்பிலேயேதான் இருந்தது. பயன்படுத்த மாட்டேன் என்றுதான் சொன்னார்களே தவிர, யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கான வழியும் அந்த வீட்டின் கட்டுமானத்தில் இல்லை.

4

1993 மார்ச்சில் ஓர் இரவு. வரவேற்பறையில் பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் 'பொம்மை' ஒன்றைக் கையில் எடுக்கிறார். அது அவர் பயன்படுத்திய ஒரு நிரல். மற்றவர் பெயரில், மற்றவர் செய்வதைப்போலவே திரையில் வாக்கியங்களை வரவைக்கும் நிரல். அதைக் கொண்டு அங்கே இருந்த சிலரின் பெயர்களில் பாலியல் வன்முறை வாக்கியங்களை எல்லோர் கண்முன்னும் ஓடவிட்டார். சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் விசைப்பலகையைத் தொடாமலேயே, தாங்கள் செய்யாததைச் 'செய்து'கொண்டிருந்தார்கள். ஜூலியன் டிபெல் என்ற எழுத்தாளர் இதைப் பற்றி 1993 டிசம்பரில் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரை பிறகு பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று.

'வெறும் எழுத்துதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்று மேடைதோறும் முழங்கிய நம்மில் சிலரே கூட அப்படிக் கேட்கக்கூடும். அந்த இடத்தில் ஒருவருக்கு உடல் என்று இருந்ததே அவருடைய வாக்கியங்கள்தான். வாக்கியத்தைப் பறித்துக்கொண்டால் வேறென்ன மிஞ்சுகிறது? தாக்கப்பட்டவர்களில் லெக்பா என்ற பாத்திரத்தை இயக்கிய பெண், மறுநாள் பொது அறிவிப்புப் பகுதியில் இதைக் கண்டித்து எழுதும்போது நிஜமாகவே அழுதுகொண்டிருந்ததைப் பின்னாளில் டிபெல்லிடம் சொன்னார். திரையில் நடந்தது எழுத்து. கண்ணீர் எழுத்து இல்லை.

பங்கிளைத் 'தேரையாக்க' வேண்டும் என்று லெக்பா கோரினார். அந்த ஊர் வழக்கில் அதற்கு மரணதண்டனை என்று பொருள்: பாத்திரத்தை அடியோடு அழிப்பது. பலர் ஆதரித்தார்கள். ஆனால் அதைச் செய்யும் கட்டளை மந்திரவாதிகளிடம் மட்டுமே இருந்தது; அவர்களோ மூன்று மாதம் முன்புதான் ஒதுங்கியிருந்தார்கள். சம்பவம் நடந்த மூன்றாம் நாள் ஓர் அறையில் முப்பது பேர்போலக் கூடினார்கள். எழுதப்பட்ட சட்டமே இல்லாத இடத்தில் தண்டனை எப்படி என்றார்கள் சிலர். மந்திரவாதிகள் திரும்பி வந்து ஆளட்டும் என்றார்கள் சிலர். ஆளும் வேண்டாம் சட்டமும் வேண்டாம் என்றது இன்னொரு கட்சி. இடையில் பங்கிளே வந்து, இதற்கும் தன் நிஜ வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லை என்கிற தோரணையில் பேசிவிட்டுப் போனார். கூட்டம் எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தது. நம் கூட்டங்களைப் போலவேதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டத்தில் பெரும்பாலும் மௌனமாக இருந்த மந்திரவாதி ஒருவர், எல்லோரும் போன பிறகு, தனியாக யோசித்து, தனியாக முடிவெடுத்து, கட்டளையைத் தட்டினார். பங்கிள் என்ற பாத்திரம் அழிந்தது.

அவர் செய்தது சரியா தவறா என்று கேட்டால், சரி என்றே சொல்வேன். தாக்கப்பட்டவரின் பக்கம் நின்றார். ஆனால் ஊரே கூடிப் பேசியும் எடுபடாத முடிவு, ஓர் ஆள் இரவில் தனியே அழுத்தியதும் அமலாகிறது. அந்த வீட்டின் வடிவம் அதற்கு மட்டும்தான் வழி வைத்திருந்தது. நானும் இரவில் தனியேதான் அழுத்தினேன். அவர் தாக்கப்பட்டவருக்காக அழுத்தினார், நான் என் நிம்மதிக்காக அழுத்தினேன். இரண்டு செயல்களுக்கும் இருக்கிற தூரம் பெரிது. அந்தத் தூரத்தை அளந்து சொல்லும் எந்த ஏற்பாடும் பொத்தானுக்குள் இல்லை.

5

அந்த விவாதத்தில் வந்த ஒரு வாதத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். லாம்ப்டாமூவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாய்ப்பூட்டுக் கட்டளை இருந்தது. யாருடைய பேச்சு பிடிக்கவில்லையோ அவருக்குப் போட்டுவிட்டால், அவர் எழுதுவது என் திரைக்கு வராது. 'அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே, எதுக்கு இவ்வளவு கூப்பாடு?' என்றார்கள் சிலர்.

இது எவ்வளவு பழக்கமான குரல்! 'உனக்குப் பிடிக்கலைன்னா அந்தத் தெருப்பக்கம் போகாத.' வாய்ப்பூட்டு என்று பெயரே தவிர, அது உண்மையில் பேசுகிறவன் வாய்க்கு விழுவதில்லை. கேட்கிறவளின் காதுக்கு விழுகிறது. அவள் திரையில் மட்டும் வாக்கியங்கள் மறையும்; அறையில் இருக்கிற மற்ற அனைவரும் அவள் பெயரில் நடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். பொதுவெளியில் நடந்த குற்றத்தைத் தனிநபரின் பார்வைப் பிரச்சினையாகச் சுருக்கிவிடுகிறது இந்தச் சாதனம். அதை வடிவமைத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. சுதந்திரம் என்றால் தனிமனிதன் தேர்ந்தெடுப்பது என்ற கருத்தியல் கட்டளைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இன்று எல்லாச் செயலிகளிலும் இருக்கிற 'தடைசெய்' என்ற ஏற்பாடு இதன் பேரப்பிள்ளைதான்.

பங்கிள் விவகாரத்துக்குப் பிறகு கர்ட்டிஸ் வேறொரு வழி செய்தார். குடியிருப்பவர் யாரும் மனு எழுதலாம். போதுமான கையெழுத்து விழுந்தால், செய்யக்கூடியதுதானா என்று மந்திரவாதிகள் பரிசீலித்த பின் அது வாக்கெடுப்புக்கு வரும். எதிர்ப்பைப்போல இருமடங்கு ஆதரவு கிடைத்தால் மந்திரவாதிகள் அதை நிறைவேற்றியாக வேண்டும். இடம் ஒதுக்குவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஒன்று, தகராறு தீர்க்க நடுவர் முறை ஒன்று என்று அமைப்புகள் உருவாயின. வீட்டில் குடியிருப்பவர்கள் வீட்டின் சுவரைத் தொடுவதற்கு ஒரு நடைமுறை கிடைத்தது. வலைவெளியின் வரலாற்றில் இது லேசான காரியமில்லை.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. மனுக்களும் எதிர்மனுக்களும், நடுவர்மீதே வழக்குகளும் என்று ஊர் ஓயாத பஞ்சாயத்தாக மாறியது. 1996 மே மாதம் மந்திரவாதிகள் இரண்டாவது அறிவிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். தொழில்நுட்பம் வேறு, சமூகம் வேறு என்று நாங்கள் போட்ட கோடு நிற்கவில்லை. எந்தத் தொழில்நுட்ப முடிவும் சமூக முடிவாகவே போய் முடிகிறது. எனவே தேவைப்படும்போது தலையிடுவோம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டாம் அறிவிப்பை ஜனநாயகத்தின் தோல்வி என்று வாசிப்பது வழக்கம். எனக்கு அது ஓர் உண்மை வெளிப்பட்ட தருணமாகப் படுகிறது. 1992இல் அவர்கள் சொன்னது 'தொழில்நுட்பம் மட்டும்'. அந்த 'மட்டும்' பொய்யென்று நாலு வருஷத்தில் தெரிந்துபோயிற்று. எங்கள் குழுவில் வந்த 'இலக்கியம் மட்டும்' அதற்குத் தம்பி. நான் அழுத்திய 'நிர்வாகிகள் மட்டும்' அதற்கும் தம்பி. மூன்று இடத்திலும் அந்தச் சொல் ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, கோடு போட்ட கையை மறைத்துக்கொள்கிறது. தேர் திரும்புகிற முக்கு இலக்கியத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தீர்மானித்தது யார்? யாருமில்லை, அது 'நியதி'.

அமெரிக்கப் பெண்விடுதலைக் குழுக்களுக்குள்ளிருந்து ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எங்களுக்குத் தலைமை இல்லை, அமைப்பு இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுவில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை. நட்பு வட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஒளிந்திருப்பதாலேயே அதைக் கேள்வி கேட்க முடிவதில்லை என்றார் அவர். நான் நிர்வாகி ஆன கதை இதுதான். சிறுபத்திரிகை இயக்கத்தின் கதையும் கொஞ்சம் இதுதான் என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

6

லாம்ப்டாமூவில் குறைந்தபட்சம் மந்திரவாதி யாரென்று ஊருக்குத் தெரியும். மனு கொடுக்க ஓர் ஆள் இருந்தார். இன்று?

2022 ஆகஸ்டில் வாட்ஸப் ஒரு மாற்றத்தை அறிவித்தது. அதுவரை ஒருவர் குழுவைவிட்டு வெளியேறினால், இன்னார் வெளியேறினார் என்ற வரி எல்லோர் திரையிலும் வரும். அதற்குப் பிறகு நிர்வாகிக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றாயிற்று. உறவினர் குழுக்களிலிருந்து சங்கடமில்லாமல் நழுவ நினைத்தவர்களுக்கு நிம்மதி. துன்புறுத்தலிலிருந்து தப்பிக்கும் பெண்களுக்கு உண்மையாகவே பாதுகாப்பு. அதை மறுக்கவில்லை. ஆனால் வெளிநடப்பு என்பது நம் அரசியலில் ஒரு பேச்சு. சட்டசபையிலிருந்து பேசாமல் எழுந்து போவதை நாம் செய்தியாகப் படித்து வளர்ந்தவர்கள். அந்த ஒற்றை வரி மறைந்ததும் வெளிநடப்பு, ஓசைப்படாமல் ஒதுங்குவதாக மாறிவிட்டது. நான் பூட்டிய குழுவிலிருந்து அந்த வாரம் நான்கு பேர் போனார்கள். அது எனக்கும் மற்ற இரண்டு நிர்வாகிகளுக்கும்தான் தெரியும். எழுதுகிற பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். எழுந்து போவதன் அர்த்தத்தை எங்கோ இருந்த வடிவமைப்பாளர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன முதிய பெண்மணி ஒருவரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது அவர் செய்த குற்றம். அந்த மாதங்களில் இந்தியாவின் பல மாநிலங்களில் இதே வதந்தி கைபேசி கைபேசியாகப் பரவி உயிர்களைக் குடித்தது. ஜூலையில் வாட்ஸப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்குமேல் கடத்த முடியாது என்று வரம்பு வைத்தது. 2019இல் அதை உலகம் முழுக்க விரித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே கடத்தலாம் என்றது. அதன்பின் அத்தகைய செய்திகள் கடத்தப்படுவது 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது.

கொன்றவை பொத்தான்கள் இல்லை, மனிதர்கள். 'அந்நியர்' மீதான பயத்தை எந்தச் செயலியும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் ஓர் எண்ணை மாற்றியதும் ஓட்டத்தின் வேகம் மாறியிருக்கிறது. அப்படியானால் முந்தைய எண்ணை வைத்ததும் ஒரு முடிவுதானே? முதலில் அதை வைத்தபோது யாரைக் கேட்டார்கள்? மாற்றியபோதுதான் யாரைக் கேட்டார்கள்? நல்ல முடிவோ கெட்ட முடிவோ, நமக்கு வந்து சேருவது மழை பெய்வதைப்போல. மழைக்கு மனு கொடுக்க முடியாது.

7

மாற்று என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். விக்கிப்பீடியாவைச் சொல்வேன், ஆனால் அரை மனதோடு.

அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் அதன் வரலாறு இருக்கிறது. யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை வெட்டினார் என்பதை எவரும் புரட்டிப் பார்க்கலாம். வெட்டியதைத் திரும்பக் கொண்டுவரலாம். பக்கத்திலேயே உரையாடல் பக்கம். சண்டை போடுவதற்கென்றே ஓர் அறை. நிர்வாகி ஒரு பக்கத்தைப் பூட்டினால், பூட்டியவர் பெயரும் பூட்டிய நேரமும் அவர் எழுதிய காரணமும் பதிவாகின்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தொழில்முறையில் கட்டடக் கலைஞர் என்பது எனக்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு 'மட்டும்' உண்டு. வெளியிடப்பட்ட சான்று இருந்தால் மட்டும்தான் ஒரு செய்தி நிற்கும். எழுதப்பட்டவர்கள் மேலும் எழுதப்படுவார்கள், எழுதப்படாதவர்கள் வெளியே நிற்பார்கள். 2011இல் அச்சல் பிரபாலாவும் அவரோடு சேர்ந்தவர்களும் மலையாளத்திலும் இந்தியிலும் தென்னாப்பிரிக்காவின் செபேடி மொழியிலும் ஒரு முயற்சி செய்தார்கள். புத்தகத்தில் இல்லாத விஷயங்களை — விளையாட்டு, சடங்கு, சாராயம் காய்ச்சுவது போன்றவற்றை — அறிந்தவர்களிடம் நேரில் கேட்டு ஒலிப்பதிவு செய்து, அதையே சான்றாக வைத்துக் கட்டுரை எழுதலாமா என்று. 'மக்களே அறிவு' என்ற பொருளில் ஒரு படமும் எடுத்தார்கள். அந்த முறை பரவலாக ஏற்கப்படவில்லை. தேர் திரும்புகிற முக்கில் தட்டோடு நின்ற அம்மாவுக்கு அச்சில் சான்று இருக்காது. விக்கிப்பீடியாவிலும் அவர் வாசலில்தான் நிற்பார்.

ஆகவே நான் உத்தமமான வெளி ஒன்றை வரைந்து காட்டப் போவதில்லை. வாக்கெடுப்பு வைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்கவில்லை. எங்கள் குழுவில் அன்று வாக்கெடுப்பு வைத்திருந்தால் அந்த இளைஞர் தோற்றிருப்பார், சந்தேகமே இல்லை. இருமடங்கு என்ன, ஐந்து மடங்கில் தோற்றிருப்பார். தோற்பவருக்கு வாக்கெடுப்பைவிட முதலில் தேவைப்படுவது வேறு: பூட்டியது யார் என்று தெரிய வேண்டும், ஏன் என்று கேட்க முடிய வேண்டும், கேட்டது அழியாமல் இருக்க வேண்டும். ஜனநாயகம் என்ற பெரிய சொல்லுக்கு முன்னால், பொத்தானுக்குப் பின்னால் ஒரு முகம் வேண்டும் என்று கேட்கிறேன். லாம்ப்டாமூவின் மந்திரவாதிகளுக்கு அதைச் சொல்ல நாலு வருஷம் ஆயிற்று. ஆனாலும் சொன்னார்கள்.

8

பதினைந்து நாள் கழித்துக் குழுவைத் திறந்தேன். திறக்கும்போது, பூட்டியது நான்தான், தனியாக எடுத்த முடிவு, காரணம் இது என்று எழுதினேன். கேள்வி கேட்டவரையும் வசை பாடியவர்களையும் ஒரே தட்டில் வைத்தது தவறு என்றும் எழுதினேன். வசை எழுதிய இருவரை விலக்க வேண்டும் என்று மற்ற இரண்டு நிர்வாகிகளிடம் சொன்னேன். ஒருவர் ஒத்துக்கொண்டார், மற்றவர் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். இனி பூட்டுவதானால் இரண்டு நிர்வாகிகளாவது பெயர் போட்டுக் காரணம் எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். அதைச் செயலியில் எங்கேயும் எழுதி வைக்க வழியில்லை. ஒரு தாளில் எழுதிப் புகைப்படம் எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறோம். கட்டுமானம் இடம் கொடுக்காத விதிக்குத் தாள்தான் கிடைத்தது.

அந்த இளைஞர் திரும்பக் குழுவுக்கு வரவில்லை. நான்கு பேரில் அவரும் ஒருவர். நான் போன் செய்தேன். மரியாதையாகவே பேசினார்.

'தேர் முக்கைப் பத்திக் கூட்டம் போடலாம்னு இருக்கோம். நீங்க வரணும்' என்றேன்.

'கூட்டம் எங்க சார்? வழக்கம்போல அந்த மண்டபத்துலயா?'

ஆமாம் என்றேன். அந்த மண்டபம் யாருடையது, வாசலில் யார் பெயர் செதுக்கியிருக்கிறது என்பது பத்து வருஷமாக அங்கே கூட்டம் போடுகிற எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவர் வேறெதுவும் சொல்லவில்லை. வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் அமையவில்லை.